மட்டம் வேறு, ஓட்டம் வேறு: பாலாற்றை அளப்பது எப்படி

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து நின்றால் போதும், வேலூர் வாட்ஸ்அப் குழுக்களில் பாலாறு கரைபுரள ஆரம்பித்துவிடும். "பாலாத்துல 20 ஆயிரம் கன அடி வருதாம்" என்பார் ஒருவர். "20 இல்ல, 40" என்பார் அடுத்தவர். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எதை வைத்து அளந்த கணக்கு என்று கேட்பார் இல்லை. வாலாஜா அணைக்கட்டில் சொன்ன எண்ணை விருதம்பட்டில் இருப்பவர் தன் தெருவுக்கு வரப்போகும் தண்ணீராக எடுத்துக்கொள்கிறார். 2021 நவம்பரில் அந்த அணைக்கட்டில் ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது உண்மை. ஆனால் அதில் பொன்னையாறு கொண்டுவந்ததும் அடக்கம். பொன்னை கலப்பதோ வேலூரைத் தாண்டிக் கிழக்கே. காட்பாடி போகும் பாலத்தடியில் அவ்வளவும் போகவில்லை.

இடக் குழப்பம் வரைபடத்தைப் பார்த்தால் தீர்ந்துவிடும். அதைவிடப் பெரிய குழப்பம், மட்டத்தையும் ஓட்டத்தையும் ஒன்றாக நினைப்பது. தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது மட்டம். அடியிலோ மீட்டரிலோ சொல்வது. ஒரு வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் கடந்து போகிறது என்பது ஓட்டம்; கன அடியில் சொல்வது. படுகை பாறையாக இருக்கும் ஆற்றில் ஒன்று தெரிந்தால் மற்றதைச் சொல்லிவிடலாம். பாலாறு மணல் ஆறு. இங்கே அது எளிதில் நடக்காது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஆற்றின் அகலம் 400 மீட்டர், சராசரி ஆழம் 2 மீட்டர், சரிவு 500-க்கு 1, மணல் படுகையின் சொரசொரப்பைக் குறிக்கும் மானிங் எண் (சொரசொரப்பு கூடக் கூட இதுவும் கூடும்) 0.035 என்று வைத்துக்கொள்வோம். வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் வரும். ஓட்டம் 1,600 கன மீட்டருக்குச் சற்று மேல். கன அடியில் 57 ஆயிரம். இப்போது அதே இடத்தில் மணல் ஒரு மீட்டர் இறங்கிவிட்டது. லாரி அள்ளிக்கொண்டு போனதோ, போன வெள்ளம் அரித்துக்கொண்டு போனதோ, எதுவானாலும் சரி. கேஜில், அதாவது மட்டம் பார்க்கும் அளவுப் பலகையில், தண்ணீர் நிற்கும் கோடு மாறவில்லை. ஆனால் ஆழம் இப்போது 3 மீட்டர், வேகம் 2.66. ஓட்டம் 3,190 கன மீட்டர், அதாவது 1 லட்சத்து 12 ஆயிரம் கன அடி. பலகையில் ஒரே கோடு. தண்ணீர் இரண்டு மடங்கு.

தலைகீழாகவும் நடக்கும். படுகை முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிவிட்டால் மானிங் எண் 0.07 வரை ஏறலாம். அப்போது அதே 2 மீட்டர் ஆழத்துக்கு ஓட்டம் பாதியாகிவிடும். 57 ஆயிரம் கன அடி போயே ஆகவேண்டும் என்றால் தண்ணீர் 3 மீட்டர் ஆழத்துக்கு ஏறித்தான் போகும். "அந்த வருஷம் இதைவிட அதிகமா வந்துச்சு, ஆனா ஊருக்குள்ள வரல" என்று பெரியவர்கள் சொல்வதில் பாதிக்கு விடை இந்த முள்ளில் இருக்கிறது.

ஆகவே பாலாற்றில் கேஜ் பார்ப்பவர் படுகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு முறை, ஒவ்வொரு பெரிய ஓட்டமும் வடிந்தபின் ஒரு முறை, கரையிலிருந்து கரைக்கு ஆட்டோ லெவல் (உயர வித்தியாசம் பார்க்கும் சர்வே கருவி) வைத்துக் குறுக்குவெட்டு எடுக்க வேண்டும். சமமான இடத்தில் 10 மீட்டருக்கு ஒரு புள்ளி. தண்ணீர்க் கால் ஓடும் பள்ளத்திலும் கரை ஓரத்திலும் 2 மீட்டருக்கு ஒரு புள்ளி. இரண்டு பேருக்கு அரை நாள் வேலை. இது இல்லாமல் சொல்லும் கன அடி எல்லாம் குத்துமதிப்புதான்.

கேஜ் பலகை

ஒரு மீட்டர் நீள எனாமல் பலகை, சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. இரும்புச் சேனலில் போல்ட் போட்டு, சேனலைக் கான்கிரீட்டில் நட வேண்டும். நேராக மணலில் நட்டால் முதல் வெள்ளத்திலேயே சாய்ந்துவிடும். சாய்ந்த பலகை எப்போதும் கூடுதலாகவே காட்டும். 15 டிகிரி சாய்ந்தால் ஒரு மீட்டருக்கு மூன்றரை சென்டிமீட்டர் பிழை.

ஜீரோவை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அன்றைய மணல்மட்டத்தில் வைத்துவிடுவார்கள். அடுத்த வருடம் மணல் இறங்கியதும் தண்ணீர் ஜீரோவுக்குக் கீழே ஓடும். பதிவேட்டில் மைனஸ் எண் வரும், அல்லது அதை எழுதக் கூச்சப்பட்டு "நில்" (ஒன்றுமில்லை) என்று எழுதிவிடுவார்கள். குறுக்குவெட்டின் மிகத் தாழ்ந்த புள்ளிக்கும் அரை மீட்டர், முடிந்தால் ஒரு மீட்டர் கீழே ஜீரோ இருக்கட்டும். அந்த ஜீரோவின் உயரத்தைக் கடல்மட்டக் கணக்கில் உயரம் குறித்துவைத்த பக்கத்துப் பெஞ்ச்மார்க் கல்லிலிருந்து கொண்டுவந்து பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். ஜீரோவின் ஆர்.எல்., அதாவது கடல்மட்டத்திலிருந்து உயரம், 198.500 மீட்டர் என்றால், பலகையில் 1.35 பார்த்தபோது தண்ணீர் மட்டம் 199.850. பலகை அடித்துப்போனாலும் இந்த எண் இருந்தால் அதே உயரத்தில் புதுப் பலகை வைக்கலாம். இல்லாவிட்டால் பழைய பதிவு முழுவதும் வீண்.

ஒரே நெடிய கம்பம் வேண்டாம். பள்ளத்தில் ஒன்று, மேட்டில் ஒன்று, கரைச் சரிவில் ஒன்று என்று படிப்படியாக வைத்து, ஒன்று முடியுமுன் அடுத்தது ஆரம்பிக்கும்படி 20 சென்டிமீட்டர் இரண்டு பலகைக்கும் பொதுவாக விட்டால், வெள்ளத்தில் அடிப்பலகை போனாலும் மேல்பலகை மிஞ்சும்.

பாலத் தூணில் பெயின்ட் அடித்துக் கோடு போடுவது நம் ஊரில் சகஜம். மலிவு, நிலைத்து நிற்கும், தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் தூணின் மேற்கு முகத்தில், அதாவது தண்ணீர் வந்து மோதும் பக்கத்தில், எழுதிவிடுகிறார்கள். மோதும் தண்ணீர் தூணில் ஏறி நிற்கும். வேகம் வினாடிக்கு 2 மீட்டர் என்றால் 20 சென்டிமீட்டர் வரை, 3 மீட்டர் என்றால் 46 சென்டிமீட்டர் வரை ஏற்றம் காட்டும். வெள்ளம் பெரிதாக ஆக ஆகப் பிழையும் பெரிதாகும் என்பதுதான் இதில் வேடிக்கை. தூணின் பின்முகத்தில் எழுதினால் அங்கே தண்ணீர் குழிந்து குறைவாகக் காட்டும். பாலம் கரையில் உட்காரும் அபட்மென்ட் சுவரில், சுழல் இல்லாத இடத்தில் எழுதுவதுதான் சரி.

பார்க்கும்போது அலை ஆடும். ஒரு நிமிடம் நின்று, ஏறிய உச்சத்தையும் இறங்கிய அடியையும் பார்த்து நடுவை எழுத வேண்டும். நேரம், "ஏறுது" அல்லது "இறங்குது" என்ற ஒரு சொல், தண்ணீரில் செத்தை வருகிறதா, நுரை வருகிறதா என்ற ஒரு குறிப்பு. சாதாரண நாளில் காலை 8 மணிக்கு ஒரு முறை போதும். ஓட்டம் வந்துவிட்டால் மணிக்கொரு முறை. "ஏறுது" என்ற சொல்லை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரே மட்டத்தில் ஏறும் வெள்ளம் இறங்கும் வெள்ளத்தைவிட அதிக ஓட்டம் கொண்டது. ஏறும்போது தண்ணீர்ப் பரப்பின் சரிவு கூடுதல்.

தரைப்பாலமே நல்ல அளவி

திறந்த மணலில் ஓட்டத்தைக் கணக்கிட முயல்வதைவிட, மாறாத விளிம்பு இருக்கும் இடத்தைத் தேடிப் போவது புத்திசாலித்தனம். அணைக்கட்டு, தடுப்பணை, ஏரிக் கலங்கல், விரிஞ்சிபுரம் மாதிரி தரைப்பாலம். கான்கிரீட் விளிம்பு மணல் மாதிரி இறங்காது, ஏறாது. விளிம்புக்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் என்று தெரிந்தால் போதும்.

அகன்ற விளிம்புக்கு வாய்ப்பாடு இதுதான்: ஓட்டம் = 1.7 × நீளம் × உயரத்தின் ஒன்றரை அடுக்கு. எல்லாம் மீட்டரில். தண்ணீர் வழியும் நீளம் 100 மீட்டர், விளிம்புக்கு மேல் 30 சென்டிமீட்டர் என்றால் 0.3-இன் ஒன்றரை அடுக்கு 0.164, ஓட்டம் 27.9 கன மீட்டர், கிட்டத்தட்ட 985 கன அடி. உயரத்தை 2 சென்டிமீட்டர் தவறாக, 32 என்று பார்த்துவிட்டால் விடை 10 சதவீதம் கூடிவிடும். அதனால்தான் பாலத்தின் மேல் நின்று "முழங்கால் அளவு" என்று சொல்வது உதவாது.

உயரத்தை விளிம்பின் மேலேயே அளக்கக் கூடாது. அங்கே தண்ணீர் வளைந்து இறங்க ஆரம்பித்திருக்கும். விளிம்புக்கு மேலே தண்ணீர் நிற்கும் உயரத்தைப் போல மூன்று நான்கு மடங்கு தூரம் மேல்புறம் தள்ளிப் பலகை வைக்க வேண்டும். இனித் தவறுகள்: பழைய அணைக்கட்டுகளில் மேல்புறம் விளிம்பு வரை மணல் நிரம்பிக் கிடக்கும். தண்ணீர் வேகத்தோடு வந்து சேரும், வாய்ப்பாடு சொல்வதைவிட அதிகம் போகும். தரைப்பாலத்தில் இரு பக்கமும் நட்டிருக்கும் தடுப்புக் கற்கள் வழியை அடைக்கும். 30 சென்டிமீட்டர் அகலக் கல் ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என்றால் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. பாலத்துக்கு அடியில் போட்ட குழாய்கள் வழியாகப் போகும் தண்ணீரைத் தனியாகச் சேர்க்க வேண்டும், அதுவும் அவற்றில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைக்காமல் இருந்தால். கீழ்ப்புறத் தண்ணீர் ஏறி, விளிம்புக்கு மேல் இருக்கும் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிவிட்டால் வாய்ப்பாட்டைக் கீழே வைத்துவிடலாம். தரைப்பாலங்கள் தாழ்வானவை; நடுத்தர வெள்ளத்திலேயே இந்த நிலை வந்துவிடும். அதற்குமேல் தண்ணீரின் வேகத்தை அளக்கும் கரண்ட் மீட்டர்தான்.

கரண்ட் மீட்டரும் மிதவையும்

கிண்ணச் சக்கரம் வைத்த கரண்ட் மீட்டரைத் தண்ணீரில் இறக்கினால் ஓட்டத்தில் சக்கரம் சுழலும், ஒவ்வொரு சுற்றுக்கும் காதில் ஒரு டிக் கேட்கும். ஆற்றைக் குறுக்கே 20 முதல் 25 கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறின் நடுவிலும் ஆழமும் வேகமும் எடுக்க வேண்டும். எந்த ஒரு கூறிலும் மொத்த ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. போனால் அந்தக் கூறை மேலும் பிரிக்க வேண்டும். பாலாற்றில் 400 மீட்டர் அகலத்தில் தண்ணீர் ஓடுவது பெரும்பாலும் இரண்டு மூன்று கால்களில்தான். சம இடைவெளியில் பிரித்தால் பாதிக் கூறுகள் கணுக்கால் தண்ணீரிலும் மணல் திட்டிலும் வீணாகிவிடும். கால்களில் நெருக்கமாகவும் மேட்டில் அகலமாகவும் பிரிப்பதே முறை.

முக்கால் மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் ஒரே அளவு, மேலிருந்து ஆழத்தின் 0.6 பங்கில். அதற்கு மேல் இரண்டு அளவு, 0.2-இலும் 0.8-இலும், சராசரி எடுத்துக்கொள்வது. ஒரு கூறை மட்டும் பார்ப்போம். கூறின் அகலம் 3 மீட்டர், ஆழம் 0.62. மீட்டரைத் தண்ணீர்ப் பரப்பிலிருந்து 37 சென்டிமீட்டர் கீழே நிறுத்துகிறோம். 60 வினாடியில் 48 டிக். வினாடிக்கு 0.8 சுற்று. அந்த மீட்டருக்குக் கொடுத்த சமன்பாடு 0.67 × சுற்று + 0.01 என்றால் வேகம் 0.546 மீட்டர். பரப்பு 1.86 சதுர மீட்டர். ஓட்டம் 1.02 கன மீட்டர். சுமார் 36 கன அடி. இப்படி 22 கூறையும் போட்டுக் கூட்டினால் ஆற்றின் ஓட்டம். ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் கேஜ் பார்த்து எழுத மறந்தால் இவ்வளவு உழைப்பும் எந்த மட்டத்துக்கு உரியது என்று தெரியாமல் போய்விடும்.

இறக்குமுன் மீட்டரைக் காற்றில்லாத இடத்தில் வைத்துச் சக்கரத்தை விரலால் சுழற்றிவிடுங்கள். இரண்டு நிமிடமாவது தானாகச் சுழன்று மெதுவாக அடங்க வேண்டும். வெடுக்கென்று நின்றால் சக்கரம் உட்கார்ந்து சுழலும் முள்முனையில் மணல் புகுந்திருக்கிறது. பாலாற்று மணல் பொடி இதற்குப் பேர்போனது. ஒவ்வொரு நாளும் கழற்றித் துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

பாலத்திலிருந்து இறக்கும்போது மீன் வடிவ ஈயக்குண்டு கட்டுவோம். வேகத்தில் கயிறு பின்னால் இழுபடும். கயிறு சாய்ந்தால் அளந்த ஆழம் உண்மை ஆழத்தைவிடக் கூடுதலாகத் தெரியும். சாய்வு 30 டிகிரியைத் தாண்டினால் திருத்தம் போட்டுக்கொண்டிருக்காமல் கனமான குண்டைக் கட்டுவதே நல்லது. வேரோடு மிதந்து வரும் கருவேலமரம் கயிற்றைப் பிடித்தால் மீட்டர், குண்டு, சில சமயம் ஆளும் சேர்ந்து போகலாம். மேல்புறம் பார்த்துக் குரல் கொடுக்க ஒருவர் நின்றே ஆகவேண்டும். கையில் கயிறு வெட்டும் கத்தியும் இருக்கட்டும்.

இறங்கி நடந்து அளப்பதற்கு ஒரு விதி உண்டு: ஆழத்தை வேகத்தால் பெருக்கினால் 0.9-ஐத் தாண்டக் கூடாது, இரண்டும் மீட்டர் கணக்கில். பாலாற்றுக்கு இந்த விதி மட்டும் போதாது. கலங்கல் தண்ணீருக்கடியில் மணல் அள்ளிய குழி தெரியாது. வறண்ட காலத்தில் நடந்து பார்த்துப் படம் வரைந்த குறுக்குவெட்டில் மட்டும் இறங்க வேண்டும், அதுவும் கயிறு கட்டிக்கொண்டு.

மீட்டர் இல்லாதவர்களுக்கு மிதவை. முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டில். காலி பாட்டிலைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். நேராக ஓடும் 30 மீட்டர் நீளத்தை இரு கரையிலும் குச்சி நட்டுக் குறித்துக்கொண்டு, மேல்குறிக்கு 10 மீட்டர் முன்பே பாட்டிலைப் போட வேண்டும். 24 வினாடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் 1.25 மீட்டர். அடியில் வேகம் குறைவு என்பதால் 0.85-ஆல் பெருக்க 1.06. நடு, இடது, வலது என்று ஒவ்வொன்றிலும் மூன்று தடவை. கவனமாகச் செய்தால் 15, 20 சதவீதப் பிழைக்குள் அடங்கும். வாட்ஸ்அப் எண்ணைவிட இது எவ்வளவோ மேல்.

தானாக அளக்கும் கருவிகள்

பாலக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு கை நீட்டி, அதன் முனையில் கீழ்நோக்கி ரேடார் சென்சார் மாட்டுவது இப்போது பரவி வருகிறது. மலிவுக்காக அல்ட்ராசோனிக் (ஒலி அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்து அளக்கும் வகை) வாங்கிவிட்டு அல்லல்படுபவர்கள் உண்டு. ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தோடு மாறும்; டிகிரிக்கு 0.17 சதவீதம். வேலூர் வெயிலில் காலை 25 டிகிரி, பிற்பகல் பாலத்தடியில் 40-ஐத் தாண்டும். திருத்தம் இல்லாத அல்ட்ராசோனிக் 8 மீட்டர் உயரத்தில் இருந்தால் 15 டிகிரிக்கு 20 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறிவிட்டதாகச் சொல்லும். திருத்தத்துக்கு உள்ளே வெப்பமானி இருக்கிறது என்பார்கள். அந்தக் கறுப்புக் கூடு வெயிலில் காய்ந்து சுற்றுக் காற்றைவிட 10 டிகிரி சூடாக இருந்தால், இப்போது எதிர்ப்பக்கம் 14 சென்டிமீட்டர் பிழை. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் கழிவு கலந்து தண்ணீர் நுரைத்துக்கொண்டு வரும்போது நுரை ஒலியை விழுங்கிவிடும். திரையில் எண்ணே வராது. ரேடாருக்கு வெப்பம் பொருட்டில்லை. மெல்லிய நுரையைக் கடந்துவிடும். அடர்ந்து திரண்ட நுரை அதையும் ஏமாற்றும்.

ரேடாரின் கதிர் கீழே போகப் போக விரியும். 10 டிகிரிக் கதிர் 8 மீட்டர் கீழே 1.4 மீட்டர் அகலத்தில் விழும். அந்த வட்டத்துக்குள் தூணோ, அடித்தளக் கான்கிரீட்டோ, புதரோ வரக் கூடாது. வறண்ட காலத்தில் அது தண்ணீரை அல்ல, மணலைத்தான் அளக்கிறது. இதைக் குறையாக நினைக்க வேண்டாம். வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் காய்ந்த படுகையின் எண்ணை ஒப்பிட்டால் அந்த இடத்தில் மணல் எவ்வளவு இறங்கியது என்பது செலவில்லாமல் கிடைத்துவிடும். இடையில் திடீர் திடீரென்று ஒரு மீட்டர் ஏறி இறங்கும் கூர்முனைகள் தெரிந்தால் பதற வேண்டாம். மாடு மேய்கிறது, அல்லது பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

தண்ணீருக்குள் போடும் அழுத்த சென்சார் பாலாற்றுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. மணலில் புதையும், உப்பேறிய தண்ணீரில் மலிவான எஃகு புள்ளி புள்ளியாக அரிக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சென்சாருக்குக் கொண்டுபோகும் காற்றுக்குழாய் இல்லாத வகை என்றால் இன்னொரு சிக்கல்: புயல் நெருங்கும்போது வளிமண்டல அழுத்தம் 10 மில்லிபார் இறங்கினால் தண்ணீர் 10 சென்டிமீட்டர் குறைந்ததாகக் காட்டும். சரியாக வெள்ளம் வரும் நேரத்தில். காற்றுக்குழாய் உள்ள வகையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நீலம் மாறி இளஞ்சிவப்பானதும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் குழாயில் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

மின்சாரம் பெரிய விஷயமில்லை. 15 நிமிடத்துக்கு ஒரு அளவு, மணிக்கு ஒரு முறை செல்போன் வலையில் அனுப்புதல் என்றால் சராசரி 15 மில்லிஆம்பியர். ஒரு நாளைக்கு 0.36 ஆம்பியர்-மணி. 12 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தினாலும் வெயிலே இல்லாமல் 16 நாள் ஓடும். பேனல் 10 வாட் போதும். அதைக் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டாவிட்டால் பேனல் இருக்காது. மாதம் ஒரு முறை பலகையைப் பார்த்துச் சென்சார் எண்ணோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். 2 சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் தாங்கி வளைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கருவியே வேண்டாம், வெள்ளத்தின் உச்சம் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு எளிய ஏற்பாடு. 50 மில்லிமீட்டர் ஜி.ஐ. குழாய், அடியில் மூடி, அடிப்பக்கம் சுற்றிலும் 6 மில்லிமீட்டர் துளைகள், மேல்மூடியில் காற்றுத்துளை. உள்ளே ஒரு மரச்சட்டம். குழாயின் அடியில் ஒரு பிடி கார்க் தூள். தண்ணீர் ஏறும்போது தூள் மிதந்து ஏறும்; இறங்கும்போது உச்சத்தில் சட்டத்தில் ஒட்டி ஒரு வளையம் விட்டுப் போகும். சட்டத்தை உருவி, டேப் வைத்து அளந்து, துடைத்துவிட்டு மறுபடி தூள் போட வேண்டியதுதான். காற்றுத்துளையில் குளவி மண் கூடு கட்டினால் உள்ளே தண்ணீர் ஏறாது. ஆவணி கடைசியில் ஒரு தடவை கம்பி விட்டுக் குத்திப் பார்த்துவிட வேண்டும்.

மேலே வந்த தண்ணீர் கீழே வராதது ஏன்

ஆந்திர எல்லையில் புல்லூர்த் தடுப்பணை நிரம்பி வழிகிறது என்று செய்தி வந்ததும் வேலூரில் பாலத்துக்குப் போய் எட்டிப் பார்ப்பார்கள். மணல்தான் இருக்கும். 2016-இல் அந்த அணையை 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தினார்கள். இப்போது வழிவதே தாமதம். வழிந்தாலும் வழியில் மணல் குடிக்கும். 400 மீட்டர் அகலம், 4 மீட்டர் காய்ந்த மணல், அதில் கால் பங்கு தண்ணீர் புகும் இடம் என்றால், ஒரு கிலோமீட்டருக்கு 4 லட்சம் கன மீட்டர் வேண்டும். 14 மில்லியன் கன அடி. ஆயிரம் கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 86.4 மில்லியன் கன அடி. மேலோட்டமான கணக்குப்படி நாளைக்கு 6 கிலோமீட்டர்தான் நகரும். வாணியம்பாடியிலிருந்து வேலூர் 65 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் மோர்தானா அணை வழிந்து கவுண்டன்ய ஆற்றில் தண்ணீர் வந்து சேர்ந்தால் வேறு கதை.

மணல் நனைந்து நிரம்பிய பிறகு இந்தக் கணக்கு செல்லாது. அப்போது வெள்ள அலை தண்ணீரின் வேகத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரைவாக நகரும். தண்ணீர் 1.5 மீட்டர் வேகத்தில் போனால் அலை மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல்; வாணியம்பாடி உச்சம் 8 மணி நேரத்தில் வேலூரில். பருவத்தின் முதல் வெள்ளம் நாள்கணக்கில் வரும், மூன்றாவது வெள்ளம் ராவோடு ராவாக வந்துவிடும். 1903-இல் வாணியம்பாடியை மூழ்கடித்த வெள்ளமும் நவம்பரில்தான் வந்தது. மணல் எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மேலிடத்துக் கேஜை வைத்துக் கீழிடத்துக்கு நேரம் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் மணலுக்குள் இருக்கும் மட்டத்தையும் அளக்கச் சொல்வது.

அதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. கரையோர உறை கிணறு ஒன்று போதும். விடியற்காலை மோட்டார் போடுமுன் அளக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால் அது கிணற்று மட்டம், ஆற்று மட்டம் அல்ல. ஸ்டீல் டேப்பின் கடைசி ஒரு மீட்டரில் சாக்பீஸ் தேய்த்து, முனையில் ஒரு நட்டைக் கட்டி இறக்குங்கள். கிணற்று விளிம்பில் பெயின்ட் குறி வைத்த இடத்தில் 9.00 மீட்டர் வரும்வரை இறக்கி, மேலே எடுத்தால் நனைந்த சாக்பீஸ் நிறம் மாறியிருக்கும். நனைந்தது 0.63 என்றால் தண்ணீர் 8.37 மீட்டர் ஆழத்தில். விளிம்பின் ஆர்.எல்.-ஐயும் எடுத்து வைத்தால் ஆற்றுக் கேஜோடு ஒரே தாளில் வரைந்துவிடலாம். கிணறு இல்லாத இடத்தில் 63 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் ஹாக்ஸா பிளேடால் கீறல் போட்டு, நைலான் வலை சுற்றி, சல்லி போட்டு இறக்கலாம். ஆற்றின் நடுவில் வேண்டாம். கரையோரம் போதும், நடுவில் வைத்தது முதல் வெள்ளத்தோடு போகும்.

"மேல காஞ்சிருந்தாலும் அடியில ஆறு ஓடிக்கிட்டேதான் இருக்கு" என்று பாலாற்றைப் பற்றிச் சொல்வதுண்டு. ஓடுகிறதுதான், ஆனால் எவ்வளவு? 400 மீட்டர் அகலம், 5 மீட்டர் கனத்துக்கு நனைந்த மணல், சரிவு 500-க்கு 1, மணலின் ஊடுருவும் திறன் நாளைக்கு 50 மீட்டர் என்று போட்டால், ஒரு நாளைக்குக் கடந்து போவது 200 கன மீட்டர். 2 லட்சம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் லாரியில் 17 நடை. மணலில் தேங்கி நிற்பதோ ஒரு கிலோமீட்டருக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். கிணற்றில் டேப் ஒரு மீட்டர் கூடுதலாக இறங்கினால், ஆற்றின் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் மேற்சொன்ன கால் பங்கு கணக்கில் ஒரு லட்சம் கன மீட்டர் குறைந்திருக்கிறது என்று பொருள். அந்த மணலையே அள்ளிப் போன இடத்தில் அடுத்த மழைக்கும் அந்த ஒரு லட்சம் திரும்பி வராது.